எஃகு ஆசாரம்

கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் காரின் கூரையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கூரையில் வேலை இல்லை. அதைச் சாக்காக வைத்துச் சிலர் செய்கிற உபதேசத்தில்தான் எனக்கு வேலை.

அமெரிக்காவிலே 'ஹாட் ராட்' என்று ஒரு ஜாதி வண்டி உண்டு. ஒரு பழைய காரைப் பிடித்து, வேண்டாததைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினை முடுக்கி, வீட்டுக் கொட்டகையிலேயே உருவாக்கிக்கொள்ளுகிற வண்டி. 1930-களில் தெற்குக் கலிபோர்னியாவின் கைக்காசில்லாத பையன்கள் இப்படிக் கட்டிய வண்டிகளை முரோக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்கு ஓட்டிப்போய் வேகம் பார்த்தார்கள். 1937-ல் அதற்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் கொண்டாடுகிற வண்டி 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு. சாமானியன் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைச் சக்தி வி-8 எஞ்சின் கிடைத்தது அந்த வண்டியில்தான். இன்று அதன் அசல் உடல் கிடைப்பது துர்லபம். கிடைத்தால் யானை விலை. ஆகவே அதே உருவத்தை ஃபைபர்கிளாஸில், அதாவது கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து, அச்சில் வார்த்து விற்கிறார்கள். சம்பளக்காரன் அதை வாங்கிவந்து, கூரையை அறுத்துத் தன் மனசுக்குப் பிடித்த உயரத்துக்குத் தாழ்த்திக்கொள்கிறான்.

இங்கேதான் ஆசாரசீலர்கள் வந்து சேருகிறார்கள். கையில் ஒரு காந்தம். வண்டியில் ஒட்டினால் அசல், ஒட்டாவிட்டால் தீட்டு! ஃபைபர்கிளாஸ் கூரையைக் கைவைத்துத் திருத்துவது பொம்மைக்கு முடி வெட்டுவது மாதிரி என்பது இவர்களுடைய அபிப்பிராயம்.

சரி, காந்தத்தை அந்த அசல் 1932 கூப்பே வண்டியின் கூரை நடுவிலேயே வைத்துப் பார்ப்போமே? ஒட்டாது. ஏனென்றால் அங்கே எஃகு கிடையாது. ஓரங்களில்தான் தகடு, நடுவில் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் துணி! அத்தனை பெரிய தகட்டை ஒரே வீச்சில் அழுத்தி எடுக்கிற வசதி அப்போது பரவியிருக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் 1935-ஆம் வருஷத்து மாடல்களில் முழு எஃகுக் கூரை போட்டார்கள்; ஃபோர்டு 1937-ல்தான் அதற்கு வந்தது. இன்று எஃகு எஃகு என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ளுகிறவர்களில் பலருடைய வண்டியில் நடுக்கூரை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேறு ஏதோ ஸ்டேஷன் வாகனின் முதுகிலிருந்து அறுத்தெடுத்துப் பற்றவைத்தது. அது அசலாம்!

பற்றவைத்த தழும்பு என்னவாயிற்று? பழைய நாளில் ஈயத்தை உருக்கிப் பூசி இழைத்தார்கள். பிற்பாடு டப்பாவில் வந்த பட்டியைப் பூசினார்கள். அந்தப் பட்டி என்ன வஸ்து? பாலியெஸ்டர் பிசின். ஃபைபர்கிளாஸ் உடலை வார்ப்பதற்குச் சாதாரணமாக உபயோகிக்கிற பிசினின் உடன்பிறப்பு. வர்ணத்துக்கு மேலே மடி, வர்ணத்துக்குக் கீழே சம்பந்தம்!

இவர்கள் கும்பிடுகிற ஹென்றி ஃபோர்டே 1941-ல் பிளாஸ்டிக் பலகைகளைப் பூட்டிய காரை டியர்பார்னில் ஜனங்களுக்குக் காட்டியவர். 1953-ல் வந்த கார்வெட் முழுதும் கண்ணாடியிழை உடம்புதான். அவர்களிடம் காந்தத்தை நீட்டுவார் யாருமில்லை. வீட்டில் உட்கார்ந்து செய்கிறவன்தான் இளைத்தவன்.

எங்கள் தொழிலிலும் இந்தக் காந்தக்காரர்கள் உண்டு. சரக்கு எங்கே வாங்கினாய் என்று கேட்பார்களே தவிர, அதைக் கொண்டு என்ன பண்ணினாய் என்று கேட்கமாட்டார்கள்.

அவன் என்ன பண்ணுகிறான் என்று பாருங்கள். கூரையிலிருந்து மூன்று அங்குலம் குறைப்பது வாழைக்காய் நறுக்குகிற வேலை அல்ல. தூண்கள் சாய்வாக நிற்கின்றன. நடுவில் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டு மேல்பாதியை இறக்கினால், மேல்துண்டும் கீழ்த்துண்டும் நேருக்கு நேர் வராது. அப்புறம் கூரையையே குறுக்கே அறுத்து, நீளத்தைக் கூட்டவேண்டும். அறுக்கும் முன் உள்ளே மரச் சட்டம் முட்டுக் கொடுக்காவிட்டால் கதவு வாய் கோணிப் போகும். தூணுக்குள்ளே எஃகுக் குழாய் புதைந்திருந்தால் அதை முதலில் பற்றவைக்க வேண்டும். பிசின் போட்டபின் பற்றவைத்தால் பிசின் கருகும். இரண்டு விளிம்புகளையும் செங்குத்தாக ஒட்டினால் நிற்காது; தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது படகு பழுதுபார்க்கிறவர்களின் கணக்கு. தேய்க்கும்போது கிளம்புகிற தூள் தோலெல்லாம் அரிக்கும். மூக்குக் கவசம் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. பிசினைக் கெட்டியாக்குகிற மருந்து நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு. வெயில் நாளில் கொஞ்சம் கூடினால், தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் தன் சூட்டிலேயே நெளியும்.

இத்தனையையும் தன் கையால் செய்கிறவனைப் பார்த்துப் போலி என்கிறார்கள். முன்கூட்டியே மூன்று அங்குலம் தாழ்த்தி வார்த்த உடலும் விலைக்கு வருகிறது. அதை வாங்காமல் தானே அறுக்கத் துணிந்தவன் முரோக் பையன்களுக்கு வாரிசா, பிறர் பட்டறையில் பணம் கொட்டி எஃகு வண்டியைக் கட்டுவித்துக் காந்தத்தோடு அலைகிறவர் வாரிசா?

ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டுத் தொழிலாளியிடம் எனக்குத் தயவு கிடையாது. கண்ணாடியிழைக் கூரை வண்டி உருண்டால் தலையைக் காக்காது. அடிச்சட்டத்தோடு பிணைத்த எஃகுக் குழாய் வளைவு உள்ளே இருந்தே தீரவேண்டும். தாழ்ந்த கூரையின் அழகுக்காக அதை விட்டுவிடுகிறவன், பக்கத்தில் உட்காருகிறவளின் உயிரைப் பணயம் வைக்கிறான். காந்தக்காரர்கள் திட்டவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆனால் இதைப்பற்றி அவர்கள் வாயைத் திறப்பதில்லை. வளைவு வெளியே தெரியாதல்லவா!

வேலை முடிந்ததும் வர்ணம் அடித்துவிட முடியாது. புதுப் பிசின் இன்னும் சுருங்கும்; அவசரப்பட்டால் ஒட்டுப்போட்ட கோடு வர்ணத்தின்மேல் தழும்பாக எழும்பிவிடும். எனவே அரைகுறைக் கூரையோடு வண்டி வாரக்கணக்கில் வாசல் வெயிலில் கிடக்கும். அதைப் பார்க்க வருகிறவர்கள் காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.