நானே நின்றால்தான் ஆகும் என்பது பொய்

தருமபுரிப் பக்கம் எந்தத் தொழிலிடத்தில் போய் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும்: “ஆளை நம்பி விட்டா வேலை கெட்டுடும், நானே நின்னாத்தான் ஆகும்.” சொல்பவர் மண்டி முதலாளியாக இருப்பார், கான்ட்ராக்டராக இருப்பார், பள்ளித் தாளாளராக இருப்பார். கேட்பவர்கள் ‘எவ்வளவு பொறுப்பான மனுசன்!’ என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல்தான் இந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறது.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டி என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் சரக்கு இறங்குகிறது. வெளியூர் வியாபாரி பெட்டிக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறார். அந்தப் பத்து ரூபாயை விட்டுக்கொடுக்கக் கணக்குப்பிள்ளைக்கு அதிகாரம் கிடையாது. முதலாளி சேலத்தில் ஒரு முகூர்த்தத்தில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. வெயில் ஏறுகிறது, பழம் இளகுகிறது, வியாபாரி அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். சாயங்காலம் முதலாளி வந்து கத்துவார்: “நான் ஒரு நாள் இல்லேன்னா ஒரு வேலையும் நடக்காதா?” நடக்காதபடி செய்து வைத்தவரே அவர்தான்.

“தக்காளி போனால் காசோடு போச்சு. உயிர் விஷயத்தில் இன்னொருத்தரை நம்ப முடியுமா?” என்று கேட்கலாம். இதற்குப் பதில் இதே மாவட்டத்தில், அரூரைத் தாண்டி மலைகளுக்கு நடுவே இருக்கிற சிட்லிங்கியில் கிடைக்கிறது. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அவர்களுடைய அமைப்பு தரும் கணக்குப்படி, அன்று அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. பிறகு அந்த எண் 20-ஐ ஒட்டி இறங்கியது.

இரண்டு டாக்டர்கள் மலைக்கிராமம் தோறும் ஓடி இதைச் சாதித்திருக்க முடியாது. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைப் பழக்கினார்கள். பள்ளிப் படிப்போடு நின்ற பெண்கள் பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கில் கைகொடுக்கவும் கற்றார்கள். கிராமங்களில் இருந்த பெண்கள் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ‘நான் டாக்டர், நானே பார்ப்பேன்’ என்று இருவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் மருத்துவமனை வாசலில் வரிசை நீண்டிருக்கும். மலைமேல் சாவு குறைந்திருக்காது.

இதேபோல மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியிலும் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இதே வழியில்தான் வளர்ந்தது. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள், நோயாளியைத் தயார் செய்கிறார்கள். டாக்டரின் கை பெரும்பாலும் அறுவைக்கு ஒதுக்கப்படுகிறது.

இவர்கள் யாரும் “இந்தா, பாத்துக்கோ” என்று தள்ளிவிட்டுப் போனவர்கள் அல்லர். நம் ஊரில் ‘ஒப்படைத்தேன்’ என்று சொல்கிறவர்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். கற்றுக்கொடுக்க மாட்டார்கள், எதுவரை முடிவெடுக்கலாம் என்று சொல்ல மாட்டார்கள், பெட்டிச் சாவியையும் தர மாட்டார்கள். வேலை கெட்டதும் “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்று பழைய பொய்க்குப் புதுச் சாட்சி தேடிக்கொள்வார்கள். முதலில் பழக்க வேண்டும். எந்த எல்லைக்குமேல் தன்னிடம் வரவேண்டும் என்று வரையறுக்க வேண்டும். எல்லைக்குள் எடுத்த முடிவைப் பத்துப் பேர் முன்னால் மாற்றக் கூடாது. இடையிடையே போய்ப் பார்க்க வேண்டும். தவறு நேர்ந்தால் வெளியாருக்குத் தலைவனே பதில் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு வேலை கெட்டது என்பவர் வரட்டும், பேசலாம்.

‘நானே’ என்பதற்குள் ஒரு பயமும் இருக்கிறது: கீழே இருப்பவன் கற்றுக்கொண்டால் என்னை யார் தேடுவார்கள்? பல இடங்களில் சாதியும் பட்டமும் இந்தப் பயத்துக்குத் துணை நிற்கின்றன. ‘இவளுக்கு என்ன தெரியும்?’ என்ற அந்தக் கேள்வியைச் சிட்லிங்கிப் பெண்கள் வாயால் மறுக்கவில்லை, பிரசவம் பார்த்து மறுத்தார்கள்.

குழுத் தலைவர்களே, நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டால் நின்றுபோகிற வேலை எதுவோ, அதை இந்த மாதமே ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். சாவியையும் சேர்த்துக் கொடுங்கள். நீங்கள் இல்லாதபோதும் நடக்கிற வேலைதான் உங்கள் தலைமைக்குச் சான்று.