கோர்ட்டு அழைத்தால் கூலி போகலாமா?

நீதி வேண்டும் என்று கேட்காத தொழிலாளி இல்லை. மகாநாட்டில் தீர்மானம் போட்டுக் கேட்கிறோம். மே தினத்தில் கை உயர்த்திக் கேட்கிறோம். ஆனால் அந்த நீதியே நம்மைத் தேடி வந்து, "இன்ன தேதியில், இன்ன மணிக்கு வந்து நீ கண்டதைச் சொல்" என்று ஒரு காகிதத்தை நீட்டினால் நம்மில் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இதற்குப் பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அன்றைய கூலி. இதை வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் கருத்து.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் போடுவது என் வேலை. மாதச் சம்பளம் வாங்கும் நான் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போய் வந்தால் மாதக் கடைசியில் என் பணத்தில் காசு குறைவதில்லை. அதே வழக்குக்கு, அதே பஸ்ஸில் என்னோடு வரும் பால்மரத் தொழிலாளியின் பெயருக்கு நேரே மட்டும் அன்றைய கட்டம் காலியாகக் கிடக்கிறது. இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்கள். இருவரையும் அழைத்தது ஒரே கோர்ட்டு. ஒருவருக்கு அது கடமை. மற்றவருக்கு அது கடமையோடு தண்டமும் ஆகிறது. இது எந்த ஊர் நியாயம்?

தண்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. வழக்கு எடுத்த அன்றே முடிவதில்லை. வக்கீல் வரவில்லை என்று ஒரு முறை, தஸ்தாவேஜு தயாராகவில்லை என்று ஒரு முறை தள்ளிப் போகும். மூன்று முறை போய் வந்தால் ஏறத்தாழ 200 வெள்ளி போய்விடும். பஸ் கட்டணமும் பட்டணத்துச் சாப்பாடும் தனி. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

ஜூரி இருந்த காலம்

சாதாரண மக்களை வேலையிலிருந்து இழுத்து வந்து கோர்ட்டில் உட்கார வைக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1826-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் ஆங்கிலேயரின் கோர்ட்டு வந்தது. ஜூரி முறையும் கூடவே வந்தது. ஆனால் ஜூரியில் உட்கார ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கப்பலில் வந்து காடு அழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன்மார் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம், சாட்சிக் கூண்டில் நிற்கலாம். தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் உட்கார மட்டும் வழியில்லை.

மலாய் மாநிலங்களில் நெடுங்காலம் ஜூரிக்குப் பதிலாக இரண்டு அசெஸர்கள் நீதிபதிக்கு அருகில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு 1952-இல் ஈப்போவில் நடந்த லீ மெங் வழக்கே சாட்சி. முதல் விசாரணையில் அசெஸர்கள் இருவரும் அந்தப் பெண் குற்றவாளி அல்ல என்றார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில் ஐரோப்பிய அசெஸர் குற்றவாளி என்றார். ஆசிய அசெஸர் இல்லை என்றார். நீதிபதி ஐரோப்பியர் பக்கம் நின்று மரண தண்டனை விதித்தார். 1953-இல்தான் பேராக் சுல்தான் அந்தத் தண்டனையைக் குறைத்தார். மக்களை அழைத்து உட்கார வைத்துவிட்டு, அவர்கள் சொல்லைக் கேட்காமல் விட்ட கதை இது.

ஜூரிகளின் சுமைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1963-இல் சிங்கப்பூரின் புலாவ் செனாங் தீவில் கைதிகள் கலகம் செய்து சிறை அதிகாரியைக் கொன்றார்கள். 59 பேர் மீது வழக்கு. அந்த விசாரணை 64 நாள் நடந்தது. ஏழு ஜூரிகள் அத்தனை நாளும் தங்கள் தொழிலையும் குடும்பத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் 18 பேருக்குத் தூக்குத் தண்டனை. அந்த ஏழு பேரும் எத்தனை இரவு தூங்கியிருப்பார்கள்!

சிங்கப்பூரில் 1969-இல் ஜூரி முறையை ஒழிக்கச் சட்டம் நிறைவேறியது. வக்கீல் டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. மலேசியாவில் 1995-இல் ஒழிந்தது. அது நல்லதா கெட்டதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நமக்கு வேண்டிய விஷயம் வேறு. ஜூரி போய்விட்டாலும் கோர்ட்டின் அழைப்பு போகவில்லை. இன்று அது சாட்சி சம்மன் என்ற பெயரில் வருகிறது. அந்நாளில் ஆங்கிலம் தெரியாததால் நம்மை ஒதுக்கினார்கள். இன்று நம்மை அழைக்கிறார்கள். அப்படி அழைக்கும்போது கூலி போகுமே என்று நாமே ஒதுங்கி நிற்பதா?

சாட்சி இல்லாத வழக்கு

தொழிலாளிக்கு முக்கியமான கோர்ட்டு தொழில் நீதிமன்றம். 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, நியாயமின்றி வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் இணக்கப் பேச்சு நடக்கும். முன்பெல்லாம் அதில் முடிவு ஏற்படாவிட்டால் மந்திரியின் மேசையில் காத்துக் கிடக்க வேண்டும். 2021 முதல் அப்படியில்லை. வழக்கு நேராகத் தொழில் நீதிமன்றத்துக்குப் போகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் வழக்குகள் கூடினால் சாட்சிகளும் கூடத்தானே வேண்டும்?

ஒரு நுட்பத்தைத் தோழர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வேலை நீக்கம் செய்ததை நிர்வாகம் ஒப்புக்கொண்டால், அதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால், "நாங்கள் நீக்கவே இல்லை, அவரே நின்றுவிட்டார்" என்று நிர்வாகம் சொன்னால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியின் தலையில் விழுகிறது. தோட்டத்தில் எத்தனை பேருக்குக் கடிதம் கொடுத்து நிறுத்துகிறார்கள்? பெரட்டுக்களத்தில் நின்று, "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொல்வதே வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்ட காதுகள்தான் சாட்சி. அந்தக் காதுகளுக்குச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்கு வராவிட்டால் வழக்கு ஒற்றைக் காலில் நிற்கும்.

நான் அறிந்த ஒரு தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. பெரட்டில் முப்பது பேர் முன்னிலையில் ஒரு பெண் தொழிலாளியைத் திருப்பி அனுப்பினார்கள். வழக்குத் தேதி வந்தபோது சங்கம் நாலு பேரைக் கேட்டது. ஒருவருக்கு மகள் பரீட்சை. ஒருவருக்கு அந்த மாதம் கடன் தவணை. ஒரு நாள் கூலி போனாலும் முழுகிவிடும். ஒருவர் இந்தோனேசியத் தோழர். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். நாலாமவர் ஒரு கிழவர். அவர் மட்டும் வந்தார். நிர்வாகத்தின் தரப்பில் மூன்று பேர் கம்பெனிக் காரில் வந்து இறங்கினார்கள். மூவருக்கும் அன்றைய சம்பளம் உண்டு. வராத மூவரையும் நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். வயிற்றையும் வாய்மையையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் நிலைமைக்கு ஏழையைத் தள்ளியது யார் என்பதே என் கேள்வி.

சட்டம் எங்கே மௌனமாகிறது?

பயப்படும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். தொழில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக, அல்லது சொல்லப் போவதற்காக, ஒரு தொழிலாளியை வேலை நீக்குவதும் அவருக்குக் கெடுதல் செய்வதும் குற்றம் என்று அதே 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-வது பிரிவு சொல்கிறது. ஆகவே வேலைக்குப் பாதுகாப்பு உண்டு.

கூலிக்கோ பாதுகாப்பு இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நோய்க்கு விடுப்பு உண்டு, பிரசவத்துக்கு உண்டு, பொது விடுமுறை உண்டு, 2023 முதல் தந்தையான தொழிலாளிக்கும் ஏழு நாள் உண்டு. கோர்ட்டு அழைக்கும் நாளுக்கு ஒரு வரி கிடையாது. சம்மனை மதிக்காவிட்டால் தண்டனை என்கிறது ஒரு சட்டம். மதித்துப் போனால் அன்றைய சோற்றுக்கு வழி என்ன என்ற கேள்விக்கு வேலைச் சட்டம் வாய் திறக்கவில்லை.

"வேலை செய்யாத நாளுக்கு நாங்கள் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?" என்று நிர்வாகம் கேட்கும். தீபாவளியன்று நாம் மரம் வெட்டுவதில்லை. அன்றைய கூலியைக் கொடுக்கத்தானே செய்கிறார்கள்? காய்ச்சலில் கிடப்பவனுக்கும் கொடுக்கிறார்கள். நாட்டின் கோர்ட்டுக்குப் போவது அதைவிடக் குறைந்த காரியமா? இங்கே ஜூரி முறையைக் கொண்டு வந்த இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே இன்றும் 12 பேர் ஜூரியில் உட்காருகிறார்கள். வருமானம் இழப்பவருக்கு அரசாங்கம் ஒரு வரம்புக்கு உட்பட்டு ஈடு கொடுக்கிறது. பொதுக் காரியத்தின் சுமையைப் பொதுவில் தாங்க வேண்டும் என்பதே அதன் பொருள். மேலும், ஒரு தொழிலாளி தன் வாழ்நாளில் எத்தனை முறை கோர்ட்டுக்குப் போகப் போகிறார்? ஒரு தோட்டத்தின் ஆண்டுக் கணக்கில் இந்தச் செலவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் சங்கம் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும். சம்மன் பெற்றுச் சாட்சி சொல்லப் போகும் நாள் முழுக்கூலி நாள் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கிராணிக்கு ஒரு நீதி, பால்மரத் தொழிலாளிக்கு ஒரு நீதி என்பது கூடாது.

இரண்டாவது, அது கைகூடும் வரை ஒவ்வொரு கிளையிலும் சாட்சி நிதி ஒன்று தொடங்கலாம். மாதம் ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டால், நூறு பேர் உள்ள கிளையில் ஆண்டுக்கு 1,200 வெள்ளி சேரும். 18 சாட்சிகளின் ஒரு நாள் கூலியை அதிலிருந்தே கொடுத்துவிடலாம். துக்க வீட்டுக்குக் கூடிப் பணம் போடும் நமக்கு இது பாரம் அல்ல.

மூன்றாவது, சம்மன் கைக்கு வந்த அன்றே அதை ஆபீசில் காட்டுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தகுந்த காரணமும் முன் அறிவிப்பும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியதாக வேலைச் சட்டத்தின் 15-வது பிரிவு கொள்கிறது. அந்தச் சங்கடம் சாட்சிக்கு வரக்கூடாது. அன்று உங்கள் நிரையை யார் வெட்டுவது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதல் வாரமே பேசி முடியுங்கள். பக்கத்து வீட்டார் கை கொடுக்க வேண்டும். நாளை அவர்களுக்கும் இதே காகிதம் வரலாம்.

நான்காவது, வெளிநாட்டுத் தோழர்களை மறக்கக்கூடாது. இன்று பக்கத்து நிரையில் வெட்டுபவர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருக்கிறார். அவர் கண்டதும் சாட்சிதான். அவர் ஊர் திரும்பும் முன் கிளைச் செயலாளர் அவரிடம் பேசி, என்ன கண்டார் என்பதை எழுதி வாங்கி, வழக்கை நடத்தும் சங்க அதிகாரியிடம் உடனே ஒப்படைக்க வேண்டும்.

ஐந்தாவது, என் சக கிராணிமார்களுக்கு. சம்மன் மலாய் மொழியில் வருகிறது. வயதான தொழிலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மேல்தான் வழக்கோ என்று கலங்குவார். அதை வாங்கிப் படித்து, இடம், நாள், நேரம் மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுப்பது நமது கடமை. செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே வெறும் 'ஆப்சென்ட்' என்று போட்டுவிடாதீர்கள். 'கோர்ட்டு' என்று குறிப்பு எழுதுங்கள். கூலி வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் நம் பேனாவுக்கு இல்லை. உண்மையை எழுதும் அதிகாரம் உண்டு. நாளை ஒப்பந்த மேசையில் சங்கம் கணக்குக் கேட்கும்போது அந்தக் குறிப்புகளே நமக்கு ஆயுதம்.

தொழில் தகராறு வழக்குகளில் நீதிமன்றத் தலைவரோடு முதலாளிகள் தரப்பில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் உட்கார 1967-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பாட்டன்மாருக்குக் கிடைக்காத ஆசனம் அது. ஆனால் ஆசனத்தில் நம்மவர் இருந்தாலும், எதிரே சாட்சிக் கூண்டு காலியாக இருந்தால் அவர் எதைக் கேட்டு எதைச் சொல்வார்? அந்தக் கூண்டு நிறைய வேண்டுமானால் அன்றைய கூலி கைக்கு வர வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள், தோழர்களே!