வலைக்கு ஏற்ற கண்ணி

பழவேற்காடு ஏரிக்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், "எல்லா மீனுக்கும் ஒரே வலை போதாதா, ஐயா?" என்றேன். சிரித்தார். "இறாலுக்குச் சின்னக் கண்ணி, மடவைக்குப் பெரிய கண்ணி, தம்பி!"

திரைக்கதை எழுத மென்பொருள் தேடும் சகோதரிகளுக்கும் என் பதில் அதுதான். 'பக்கத்துக்கு ஒரு நிமிஷம்' என்பது, ஆங்கிலக் 'கூரியர்' எழுத்தை 12 புள்ளி அளவில் அடிக்கும் ஹாலிவுட்டின் கணக்கு. தமிழ்ச் சொல் அதிக இடம் பிடிக்கும்; கணக்குத் தப்பும். அதற்காக வசனத்தை ஆங்கில எழுத்தில் அடித்துவிடாதீர்கள்! பழவேற்காடே அந்த எழுத்தில் 'புலிகாட்' ஆகிவிட்டது. மீனவப் பெண்ணின் பேச்சு என்ன பாடுபடும்?

தமிழை ஏற்கும் 'ஸ்க்ரைட்' போன்ற ஒன்றை எடுங்கள். ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் கடிகாரம் பாருங்கள். நிமிஷத்துக்கு முன்பே முடிந்தால் எழுத்தைச் சற்றுச் சிறிதாக்குங்கள்.

கண்ணி சரியாக அமைந்தால் மீன் தப்புமா, என்ன?