மூன்று பாட்டுக் கணக்கு

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களில் 2023 ஜூலை முழுக்க ‘காவாலா’தான். ‘ஜெயிலர்’ படத்திலிருந்து ஜூலை 6 அன்று அதை விட்டார்கள், பிறகு ‘ஹுக்கும்’, அப்புறம் ‘ஜுஜுபி’. மிச்சமெல்லாம் இசை விழாவோடு மொத்தமாக வந்தன. ஏன் மூன்று, ஏன் ஐந்து இல்லை? இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: சாம்பிள் ஜோடியை வெளிநாட்டுக்கு அனுப்பி, வாங்குபவன் சரி சொன்ன பிறகுதானே ஆர்டர். முதல் பாட்டு யூடியூபில் எவ்வளவு ஓடுகிறது, ரீல்ஸில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்ததை எடுக்கிறார்கள். நாயகனின் பிறந்தநாள் குறுக்கே வந்தால் (‘லியோ’வின் ‘நா ரெடி’க்கு ஜூன் 22) அதற்கும் ஒன்று. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ தனியாக வந்து உலகைச் சுற்றிய பிறகு வேரூன்றிய வழக்கம் இது. வியாபாரம், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வரிசையில் மெலடிக்குக் கடைசியில்தான் இடம், பல சமயம் அதுவும் இல்லை. கேசட் காலத்தில் ‘பி’ பக்கத்தின் மூலையில் கிடந்த பாட்டை நாமாகவே கண்டெடுத்தோம். ‘ஜெயிலர்’ படத்தின் ‘ரத்தமாரே’ அந்த மூன்றில் இல்லை. இன்றும் நான் தேடிப் போட்டுக் கேட்பது அதைத்தான்.