பழி சொல்லுமுன்

ஒருவருக்குத் தொண்டையிலே புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும், "சுருட்டா, வெற்றிலையா, சாராயமா?" என்று வினவுவது நம்மவர் வழக்கம். அவ்வினாவில் நியாயமுண்டு. புகையிலையும் பாக்கும் மதுவும் வாயிலும் தொண்டையிலும் புற்றை விளைப்பன என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆயின், இவற்றுள் ஒன்றையும் தீண்டாதவர்க்கும் அந்நோய் வருகின்றதே, அஃது எங்ஙனம்?

விடையின் ஒரு பகுதி, மனிதப் பப்பிலோமா வைரசு என்னும் நுண்கிருமியில் இருக்கின்றது. இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கைகால்களிற் பாலுண்ணியை உண்டாக்குவதோடு அமைவன. 16ஆம் வகையோ கொடியது. கருப்பைக் கழுத்துப் புற்றிலே இதனை 1983ஆம் ஆண்டிற் கண்டறிந்த ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன், 2008இல் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமிக்குத் தொண்டைப் புற்றோடும் தொடர்புண்டு என்பதை அமெரிக்காவில் மோரா கில்லிசன் அம்மையாரும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வலியுறுத்தினர். தலையிலும் கழுத்திலும் புற்றுற்ற 253 பேரை ஆராய்ந்தபோது, 62 பேரின் கட்டிகளில் அக்கிருமி காணப்பட்டது. தொன்சிலும் அடிநாக்குமே அது பெரிதும் குடிகொள்ளும் இடங்கள். உயிரணு வரம்பின்றிப் பெருகாமற் காக்கும் புரதங்களை அது செயலிழக்கச் செய்கின்றது.

இக்கிருமி தொண்டையை அடைவது பெரும்பாலும் வாய்வழிப் பாலுறவினால். இதைக் கேட்டவுடனே இல்லத்தில் ஐயம் தலைகாட்டும்; அயலார் நோயாளியின் ஒழுக்கத்தை அளக்கத் தொடங்குவர். இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். பாலுறவு வாழ்வுடையோரிற் பெரும்பாலோரை இக்கிருமி ஒருமுறையேனும் தொற்றுகின்றது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதனை வென்றுவிடும். சிலரிடம் மட்டும் பல்லாண்டு ஒளிந்திருந்து புற்றாக மாறும். எப்பொழுது, எவரிடமிருந்து வந்ததென்று வைத்தியராலும் கூறவியலாது. ஆகவே, இந்நோயை ஒழுக்கத்தின் அளவுகோலாக்குதல் அறியாமை. நோயாளியை வெட்கத்தால் வாய்மூடச் செய்தல் கொடுமை. வெட்கத்தால் மறைக்கப்படும் கட்டி வளர்ந்துகொண்டே போகும்.

கழுத்திலே நோவற்ற கட்டியொன்று மூன்று வாரத்துக்கு மேலும் நிலைத்தாலோ, விழுங்குதல் கடினமானாலோ, தொண்டைநோவு நீடித்தாலோ, "எமக்குத் தீய பழக்கமில்லையே" என்று வாளாவிருத்தலாகாது. கருப்பைக் கழுத்துக்கு உள்ளதுபோல் நோயை முன்னறியும் வழமையான சோதனை தொண்டைக்கு இல்லை. எனினும், இக்கிருமியால் வரும் தொண்டைப் புற்று, புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்கு இணங்குவது ஆறுதல் தரும் செய்தி.

வருமுன் காக்கவும் வழியுண்டு. நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 6ஆம் தர மாணவியருக்கு இக்கிருமிக்கெதிரான ஊசி 2017இற் சேர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியா 2013இலும் இங்கிலாந்து 2019இலும் ஆண்பிள்ளைகளுக்கும் அதனை வழங்கத் தொடங்கின. பாடசாலையிலிருந்து ஊசி பற்றிய அறிவித்தல் வரும்போது, "பச்சைப் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று பெற்றோர் தயங்கவேண்டாம். கிருமி தீண்டுமுன் ஏற்றினால்தான் ஊசி முழுப்பயன் தரும். அதற்குரிய வயதும் அப் பச்சை வயதே.