ஏணியாம் ஏணி! (அல்லது, மூன்றாம் டிவிஷன் வடக்கின் கதை)

நம்ம வகுப்பில் இங்கிலாந்து கால்பந்து பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு டயலாக் வந்துவிடும். "அங்க ஏணி இருக்குடா. எந்தக் குட்டி ஊர் டீமும் ஜெயிச்சுக்கிட்டே போனா பிரீமியர் லீக் வரைக்கும் போகலாம்." 2021 ஏப்ரலில் பணக்கார கிளப்புகள் பன்னிரண்டு சேர்ந்து சூப்பர் லீக் என்று கிளம்பியபோது, இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கத்தியதும் இதைத்தான். நூறு வருஷப் பாரம்பரியமாம்!

மக்களே, அது பாரம்பரியமே இல்லை. நம்பாதவர்கள் மூன்றாம் டிவிஷன் வடக்கு என்ற செத்துப்போன லீக்கின் கதையைக் கேளுங்கள்.

1921-ல் ஆரம்பித்த லீக் இது. சுரங்க ஊர்களும் நெசவாலை ஊர்களும் நிறைந்தது. ரயில் செலவுக்கே தடுமாறுகிற கிளப்புகள் என்பதால் வடக்கு தனி, தெற்கு தனி என்று பிரித்தார்கள். அதில் தப்பே இல்லை. ஆட்டத்துக்கும் குறைவில்லை. 1935 டிசம்பர் 26 அன்று டிரான்மியர் ரோவர்ஸ் ஓல்டாமை 13-4 என்று துவைத்தது. பன்னி பெல் என்ற ஒரே ஆள் ஒன்பது கோல்! (முதல் நாள்தான் அதே ஓல்டாமிடம் 4-1 என்று தோற்றிருந்தார்கள்.)

சரி, ஏணி எங்கே? மேலே போக ஒரே ஒரு இடம். சாம்பியன் மட்டும் இரண்டாம் டிவிஷனுக்குப் போகலாம். ராதர்ஹாம் யுனைடெட் 1947, 1948, 1949 என்று வரிசையாக மூன்று வருஷம் இரண்டாவதாக வந்து, மூன்று வருஷமும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தெற்குப் பிரிவில் பிளிமத் ஆர்கைல் 1922 முதல் 1927 வரை தொடர்ந்து ஆறு தடவை இரண்டாம் இடம். பாவம்!

கீழே நடந்தது இன்னும் கொடுமை. கடைசி இரண்டு இடத்தில் வந்தவர்கள் லீக் கூட்டத்தில் போய், "எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஓட்டுக் கேட்க வேண்டும். ஓட்டு யாருடையது? மேல் இரண்டு டிவிஷன் கிளப்புகளுக்கு ஆளுக்கொரு ஓட்டு. மூன்றாம் டிவிஷன்காரர்களுக்கு எல்லோருக்கும் சேர்த்தே ஒரு சில ஓட்டுதான். டர்ஹாம் சிட்டி 1928-ல் போனது, ஆஷிங்டன் 1929-ல், நெல்சன் 1931-ல். 1923-ல் ஸ்பெயின் போய் ரியல் மாட்ரிடையே 4-2 என்று வென்றுவிட்டு வந்த நெல்சன்! மோசமாக ஆடித்தான் கடைசியில் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜெயித்துத் திரும்பி வர வழி வேண்டாமா? வெளியே எத்தனை கோப்பை வாங்கினாலும் மறுபடி ஓட்டுத்தான். இந்த மூன்று பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

1958-ல் சீர்திருத்தம் என்று சொல்லி வடக்கையும் தெற்கையும் கலைத்து, நாடு முழுக்க மூன்றாம், நான்காம் டிவிஷன் ஆக்கினார்கள். மேலே போகும் இடங்கள் கூடின, சந்தோஷம். ஆனால் ஓட்டுப் பெட்டி? அது பத்திரமாக அப்படியே இருந்தது. ஏழைகளுக்கு உதவிய பிரிவினையை எடுத்துவிட்டு, ஏழைகளைக் கொன்ற பெட்டியை வைத்துக்கொண்டார்கள். என் கோபமே இதுதான்.

உதாரணம் கேட்ஸ்ஹெட். வடக்குப் பிரிவிலிருந்து நான்காம் டிவிஷனில் போடப்பட்ட கிளப். 1960-ல் அவர்களுக்குக் கீழே இரண்டு டீம்கள் இருந்தன. கடைசியில் வந்த ஹார்ட்டில்பூல்ஸ் தப்பித்தது, அதற்கு முந்தின ஓல்டாமும் தப்பித்தது. கேட்ஸ்ஹெட் வெளியே!

"உள்ளே வந்த பீட்டர்பரோ நல்ல டீம்தானே?" என்பீர்கள். சந்தேகமே இல்லை. வந்த முதல் சீசனிலேயே 134 கோல் போட்டு சாம்பியன் ஆனார்கள். ஆனால் அதற்கு முன்பு மிட்லண்ட் லீக்கைத் தொடர்ந்து ஐந்து முறை ஜெயிக்கும் வரை அவர்களையும் வாசலில்தானே நிறுத்தி வைத்திருந்தார்கள்? ஓட்டு முறை கேட்ஸ்ஹெட்டுக்கும் நியாயம் செய்யவில்லை, பீட்டர்பரோவுக்கும் செய்யவில்லை.

நிஜ ஏணி வந்தது 1987-ல்தான். ஸ்கார்பரோ ஜெயித்து உள்ளே வந்தது, லிங்கன் சிட்டி தோற்று வெளியே போனது. யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. 1962-ல் கடனில் மூழ்கி விலகிய அக்ரிங்டன் ஸ்டான்லியின் பெயர் 2006-ல் லீக்குக்குத் திரும்பியதும் இந்த ஏணியால்தான். அந்த வருஷம் கீழே இறங்கியது யார் தெரியுமா? 1962-ல் அவர்கள் இடத்துக்கு வந்த அதே ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட்!

ஆக, ஏணி என்பது பாட்டன் சொத்து இல்லை. சின்ன ஊர்கள் அறுபது வருஷத்துக்கு மேல் அடிபட்டு வாங்கினது. இன்னும் முழுசாகவும் வாங்கவில்லை. பழைய கிளப் அழிந்தபின் 1977-ல் புதிதாகத் தொடங்கிய கேட்ஸ்ஹெட், 2024-ல் லீக்குக்குள் நுழையும் பிளேஆஃபுக்கு ஆடியே தகுதி பெற்றது. மைதானத்துக்குப் பத்து வருஷ உத்தரவாதம் காட்ட முடியவில்லை என்று ஆடவே விடவில்லை. ஓட்டுப் பெட்டிக்குப் பதில் இப்போது ஒரு காகிதம்.

அடுத்த தடவை யாராவது "அங்க ஏணி இருக்குடா" என்றால், கேட்ஸ்ஹெட்காரனிடம் கேட்டுவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.