நோயை முதலில் காண்பவர்

ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இது பழகிப்போன ஒன்று. செடிக்குள் கையை நீட்டிச் சாயும்போது ஒரு கிளை படக்கென்று முறியும். முறிந்த இடத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டை இருக்கும், அதன் வாயில் கொஞ்சம் மரத்தூள். கிளையைப் பிளந்தால் உள்ளே கறுத்துப்போன சிறு சுரங்கம். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. கூடை நிறைய வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கிளையைச் செடிகளுக்கிடையில் வீசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது அந்த ஓட்டையைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்பதும் இல்லை.

கேட்க வேண்டும். ஊவாத் தோட்டங்களின் பயிர்ப் பாதுகாப்பில் இன்னும் அடைக்கப்படாத பெரிய ஓட்டை அதுதான்.

கிளையைத் துளைத்தது இரண்டு மில்லிமீற்றர் அளவிலான ஒரு வண்டு. அது தேயிலைத் தண்டைத் தின்பதில்லை. தண்டைக் குடைந்து, கூடவே கொண்டுவந்த பூஞ்சணத்தை உள்ளே வளர்க்கிறது. குஞ்சுகளுக்கு அந்தப் பூஞ்சணமே சாப்பாடு. இலங்கைத் தேயிலையில் இதை 1892ஆம் ஆண்டே நாவலப்பிட்டிப் பக்கத்தில் கண்டிருக்கிறார்கள். பிறப்பும் வளர்ப்பும் கிளைக்குள்ளேயே நடப்பதால், மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடுவது அரிது.

தொடவில்லை என்றதும் இன்னும் கடுமையான மருந்தைத் தேடினார்கள். அதனால் நேர்ந்ததைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1930களில் இலங்கைத் தேயிலையைப் பாடாய்ப் படுத்தியது வேறொரு பூச்சி. இலைகளைச் சேர்த்துச் சுருட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்து தின்னும் புழு அது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட்டது; பொரித்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றன. இலைசுருட்டிப் புழு அடங்கியது. சம்பளம் கேட்காமல், மருந்து டின் சுமக்காமல், அந்தக் குளவி ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது.

பிறகு, தண்டு துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற மருந்து அடிக்கப்பட்டது. குளவிகள் மடிந்தன. சுருட்டிய இலைக்குள் ஒளிந்திருந்த புழு தப்பியது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி மலை மலையாகக் கிளம்பியது. ஒரு பூச்சியைக் கொல்லப்போய் இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்ட இந்தக் கதை, பூச்சியியல் படிப்பவர்கள் உலகெங்கும் அறிந்த பாடம். பாடம் படித்த இடம் நம் மலைகள். ஆனாலும் கை இன்னும் முதலில் மருந்துப் போத்தலுக்கே நீள்கிறது.

இதைவிடப் பழைய பாடமும் பதுளை மாவட்டத்துக்குச் சொந்தம். கோப்பி இலைத் துரு நோய் 1869இல் கண்ணில் பட்டது மடுல்சீமையில். இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி, காற்றில் பறக்கும் வித்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே பயிர். இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் சரிந்து தேயிலைக்கு இடம் விட்டன.

இலங்கைத் தேயிலைக்கும் அப்படி ஒரு நோய் 1946இல் வந்தது, கொப்புள நோய். தளிரிலையில் எண்ணெய்ப் பொட்டுப் போல ஒரு வட்டம் விழும்; சில நாளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். செம்பு மருந்து இன்றுவரை இதற்குக் கைகொடுக்கிறது. எப்போது அடிப்பது என்பதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் இந்த நோயை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்பதை இலங்கை மலைகளில் ஆராய்ந்து விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் 1961இல் கட்டுரை வெளியிட்டார்கள். வெயில் நேரத்தைக் கணக்கிட்டால் மருந்தடிக்கத் தேவையில்லாத நாட்கள் தெரிந்துவிடும். கச்சான் காற்று வீசும் ஊவாவின் வறண்ட மாதங்களில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய.

மலையைப் பாராமல் எடுத்த முடிவுகளின் விலையையும் அண்மையில் கண்டோம். 2015இல் கிளைபொசேட் களைகொல்லி தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக அடித்த இன்னொரு களைகொல்லியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிடமிருந்து முறைப்பாடு வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தடை வந்து, நவம்பரில் விலக்கப்பட்டது. 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. அளவுக்கு மீறிய மருந்து தப்பு. ஒரே இரவில் எல்லாவற்றையும் நிறுத்தியதும் அதே அளவு தப்பு. இரண்டுமே செடிக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கேளாமல் செய்தவை.

மருந்தை மட்டும் நம்பக் கூடாது என்பது லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் போடுகிறவர்களுக்கும் பொருந்தும். 2008 வாக்கில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பப்பாசியை மாவுப்பூச்சி வெள்ளையாக மூடியது. மருந்து தோற்ற இடத்தில், 2010இல் தமிழ்நாட்டில் விடப்பட்ட ஒரு சிறு குளவி அதை ஒடுக்கியது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டாம் என்பது அங்கே விவசாயிகளுக்குச் சொன்ன புத்தி.

ஆகவே தோட்ட நிர்வாகங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு மலையிலும் கொழுந்தெடுக்கும் பெண்களில் இருவருக்கு, வாரத்தில் ஒரு நாள், கிலோக் கணக்கில்லாமல் முழுப்பேர் போட வேண்டும். அன்று அவர்கள் வேலை செடியைப் பார்ப்பது: முறிந்த கிளை எத்தனை, சுருண்ட இலை எத்தனை, கொப்புளம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது, புழுவுக்குள் குளவிக் குஞ்சு இருக்கிறதா. தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் கிளை பசறையில் இருக்கிறது. பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. செலவென்று பார்த்தால், தேவையில்லாத ஒரு சுற்று மருந்தை மிச்சம் பிடித்தாலே அதில் ஒரு பங்கு வந்துவிடும்.

அதற்கும் முன்னதாக, நாளைக் காலையே ஒன்றைச் செய்யலாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. ஓட்டை விழுந்த கிளையையும் கொப்புளம் கண்ட இலையையும் அதில் போடட்டும். எந்த நிரையில் கிடைத்தது என்று எடுத்தவர் சொல்ல, கிலோவை எழுதும் அதே கணக்குப்பிள்ளை அதையும் எழுதிக்கொள்ளட்டும்.